சுடாத குதிரை

அத்தியாயம் ஏழு

"இந்தக் குதிரையை மட்டும் ஏன் சூளையில வைக்காம விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் வாசுகி.

சூளைக்காரர் சுப்புராயன் திரும்பிப் பார்த்தார். விருத்தாசலம் செராமிக் பேட்டையின் கடைசி வரிசையில், தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை அது. சுவரோரப் பலகையில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளையார், யானை, கிளி. எல்லாம் வெளிறிய சாம்பல் நிறத்தில், இன்னும் ஈரம் முழுதாகப் போகாமல். அவற்றுக்குப் பின்னால், மூலையில், தலையில் தூசி படிந்த ஒரு குதிரை.

"அது கலியமூர்த்தி வெச்சதும்மா. காலு கிட்ட கீறல் வுட்டிருக்குது, சூளையில ஏத்துனா வெடிச்சிடும்னான். அப்படியே கெடக்குது."

"இந்த ஊர்ல குதிரைக்குக்கூட ஜாமீன் கெடைச்சிருக்கு மேடம்," என்றார் திருமால். "நம்ம கட்சிக்காரங்களுக்குத்தான் கெடைக்க மாட்டேங்குது."

திருமால் வாசுகியின் உதவியாளர். ஐம்பதைத் தொடுகிற வயது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முதலாளியின் மாமனாரைக் கிண்டல் செய்ததில் வேலை போனது, கிண்டல் போகவில்லை. வாசுகி கடலூரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். சிரிப்பதற்கு மட்டும் அவளிடம் நேரம் இருந்ததில்லை.

ஜாமீன் கிடைக்காத கட்சிக்காரி, செத்துப்போன கலியமூர்த்தியின் மனைவி பானுமதி.

கலியமூர்த்தி இந்தப் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவி, ஈரத்துணியால் துடைத்துச் சீராக்குகிற வேலை பார்த்தவன். விரல் கணுக்கள் வீங்கி முறுக்கிக்கொள்ளும் முடக்குவாதம் அவனுக்கு. சாவதற்குச் சில வாரங்கள் முன்பு காவல் நிலையத்துக்குப் போய், "என் பொண்டாட்டி காப்பியில என்னமோ கலந்து குடுக்கறா, என்னைக் கொல்லப் பாக்கறா" என்று புகார் சொன்னான். கேட்டவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு நாள், வேலைக்கு நடுவே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை. உடலில் குளோரோகுயின் என்கிற மருந்து இருக்கவேண்டிய அளவைத் தாண்டி இருந்தது என்று அறிக்கை வந்தது. அவனுடைய முடக்குவாதத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அதே மாத்திரை. அதை வாங்கி வைத்து, வேளாவேளைக்குப் பிரித்துக் கொடுத்து வந்தவள் பானுமதி. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவளைக் கைது செய்தார்கள்.

அவள் வாயே திறக்கவில்லை. போலீஸிடம் இல்லை, வக்கீலிடம் இல்லை, கடலூர் மாவட்டத்து மங்களூரில் விவசாயம் பார்க்கும் அண்ணன் தனக்கோடியிடமும் இல்லை. வாசுகியைத் தேடி வந்தவர் அந்தத் தனக்கோடிதான். "என் தங்கச்சி புருசனைக் கொன்னிருந்தா அவளே சொல்லியிருப்பாம்மா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். அது உதவியா, உபத்திரவமா என்று வாசுகிக்கு இன்னும் புரியவில்லை.

அவள் பலகையின் பக்கம் போய்க் குதிரையைக் கையில் எடுத்தாள்.

"சுப்புராயன், கீறல் விழுந்த பச்சை மண்ணு பொம்மையை வழக்கமா என்னா பண்ணுவீங்க?"

"தொட்டியில போட்டுக் கரைச்சிடுவோம். சுடாத மண்ணுதானம்மா, மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். சுட்டுட்டாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப இதை ஏன் கரைக்கல?"

சுப்புராயன் இத்தனை நாள் கண்ணெதிரே இருந்த குதிரையை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"கீறலே இல்லீங்க இதுல," என்றாள் வாசுகி, நான்கு கால்களையும் திருப்பிப் பார்த்து. "சூளையில வெச்சா உள்ள இருக்கறது எரிஞ்சி போயிடும். கரைச்சா வெளிய வந்துடும். ரெண்டும் ஆகாம இருக்கத்தான் ஒரு கீறலைச் சொல்லி வெச்சிருக்காரு."

வயிற்றின் அடியில் கட்டைவிரல் நுழைகிற துளை ஒன்று, வேறு நிற மண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. அவள் லேசாக ஆட்டினாள். உள்ளே சலசலத்தது.

"அஜீரணம்," என்றார் திருமால்.

பிசிறு சீவும் கத்தியால் அடைப்பைத் தோண்டி எடுத்தாள். துளை வழியாக, நன்றாகச் சுருட்டிய ஒரு காகிதக் கவர் வந்தது. அதற்குள் மாத்திரை அட்டைகள். பாதி காலி, பாதி பிரிக்காதவை. வாசுகி அட்டையின் பின்புறத்தைப் படித்தாள். குளோரோகுயின்.

சுப்புராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவனே வாங்கிப் போட்டுக்கிட்டானா? வூட்ல ஒரு பக்கம் பொண்டாட்டி கலந்து குடுக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தானே!"

"அவரு காப்பியைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"கசக்குது, கசக்குதுன்னுவான். ஒரு நாளு அவனைக் கூட்டிக்கினு வரலாம்னு வூட்டுக்குப் போனேன். எனக்கு வெச்ச டம்ளருன்னு நெனச்சி அவனோடதை எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டேன். சர்க்கரைப் பாகும்மா அது! தொண்டைக்குள்ள போனப்புறம் கொஞ்சம் கசந்த மாதிரி இருந்துது. அந்தப் பொண்ணு ஓடியாந்து டம்ளரைப் புடுங்கிக்கிச்சி."

"அவ்ளோ சர்க்கரை போடற பொண்டாட்டி கெடைக்க நான் என்னா தவம் பண்ணணும்?" என்றார் திருமால். "எங்க வூட்ல டீக்கு சர்க்கரை கேட்டா, வாயில இருக்கறது போதும்ங்கறா."

வாசுகி அதற்கும் சிரிக்கவில்லை. அவள் காகிதக் கவரைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய செய்தித்தாளை மடித்து ஒட்டிய கவர். எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின.

"உருது பேப்பர்," என்றாள். "இந்தப் பக்கம் உருது படிக்கறவங்க மங்கலம்பேட்டையிலதான் நெறைய. கலியமூர்த்தி அங்க போவாரா?"

"சனிக்கிழமை கூலி கைக்கு வந்துச்சின்னா அந்த பஸ்ஸுதான் ஏறுவான். அங்க யாரு இருக்காங்கன்னு கேட்டா சொல்ல மாட்டான்."

"நான் சின்ன வூடுன்னு நெனச்சேன்," என்றார் திருமால் வாசலில் டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டே. "மனுசன் மருந்துக் கடைக்குப் போயிருக்காரு. இவ்ளோ ஒழுக்கமானவன் எப்பிடி மேடம் பொண்டாட்டி மேல புகாரு குடுத்தான்?"

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் மருந்துக் கடைகள் ஒன்றிரண்டல்ல. ஆனால் துபாயிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி, பழைய உருதுத் தாள்களில் தானே கவர் ஒட்டும் கடை ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் அப்துல் ரவூப். ஒல்லியானவர், தாடி முழுக்க வெளுத்தவர். வாசுகி நீட்டிய புகைப்படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம பொம்மைக்காரர்தான? ஏம்மா, ரொம்ப நாளா காணோமே. ஊருக்குப் போயிட்டாரா?"

வாசுகி நடந்ததைச் சொன்னாள். ரவூப் பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்கு வந்த ஒரு பெண்ணைக் கையசைத்தே அனுப்பினார்.

"டாக்டர் சீட்டு இல்லாமத்தான் குடுத்தேன். அது என் தப்பு," என்றார். "முதல் தடவை கையை இப்பிடிக் கல்லா மேல வெச்சாரும்மா. வெரலு எல்லாம் முடிச்சு முடிச்சா இருந்துது. பழைய அட்டையைக் காட்டி, இதான் பாய் எனக்கு எழுதிக் குடுத்த மாத்திரைன்னாரு."

"வீட்லதான் மாத்திரை இருந்துதே. எதுக்கு இங்க வரணும்?"

"அதை நானும் கேட்டேன். வூட்ல இருக்கறதுல என் சம்சாரம் வேற எதையோ மாத்தி வெச்சிருக்கா, அதை வாயில வெக்க மாட்டேன், நீங்க உங்க கையால எடுத்துக் குடுக்கறீங்க, இதைத்தான் நம்புவேன்னாரு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடணும்னு சொல்லித்தான் குடுப்பேன். வலி தாங்கலன்னா ரெண்டு போட்டுக்குவேன்னு அப்புறம் ஒரு நாளு சொன்னாரு. திட்டினேன்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

பாய் யோசித்தார். "லைட்டைப் பாத்தா சுத்தி வளையம் தெரியுது பாய்னாரு. கண்ணு டாக்டரைப் பாருங்கன்னேன். கூரை ஓட்டு மேல யாரோ நடக்கறாங்க, அவளும் அவங்களும் பேசிக்கறாங்க, எனக்குக் காதுல விழுதுன்னாரு. பாவம், மனசு ஒடைஞ்ச மனுசன்னு நெனச்சிக்கிட்டேன்."

"கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்லுவீங்களா? உங்க லைசென்சுக்கு ஆபத்து வரலாம்."

"ஒரு பொம்பள உள்ள இருக்குதுன்றீங்க. வரேம்மா."

வெளியே வந்ததும் திருமால் விரலைச் சொடுக்கினார். "முடிஞ்சிது மேடம்! அவரே வாங்கினாரு, அவரே ஒளிச்சி வெச்சாரு, அவரே அளவுக்கு மேல முழுங்கினாரு. சாட்சியும் இருக்குது, குதிரையும் இருக்குது. தனக்கோடி அண்ணனுக்குப் போன் போடட்டுமா?"

"இருங்க."

வாசுகி தன் கைபேசியில் புதுச்சேரிக்குப் பேசினாள். டாக்டர் அன்புக்கரசி அவளுடன் பள்ளியில் படித்தவள். மூட்டு நோய்களைப் பார்க்கிறவள். வளையம், ஓட்டின் மேல் நடப்பவர்கள், காதில் விழும் பேச்சு, மனைவி மேல் சந்தேகம் என்று வரிசையாகச் சொன்னாள் வாசுகி. மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"அந்த மாத்திரை நெறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது வாசு. சில பேருக்கு மட்டும் மூளையைக் கலைச்சிடும். குரல் கேக்கும், யாரோ கொல்ல வராங்கன்னு தோணும். நல்லா இருந்த ஆளு திடீர்னு கூட இருக்கறவங்களையே எதிரியாப் பாப்பாங்க. அளவு கூடினா அது இன்னும் கூடும். இதயத்தையும் நிறுத்திடும்."

"அப்பிடி ஆனவங்களுக்கு என்ன வைத்தியம்?"

"மாத்திரையை நிறுத்தறதுதான். நிறுத்தினா பெரும்பாலும் கொஞ்ச நாள்ல தானே தெளிஞ்சிடுவாங்க. அந்த மனுசன்கிட்ட யாரும் நிறுத்தச் சொல்லலியா?"

வாசுகி போனை வைத்தாள். பிறகு டாக்டர் சொன்னதைத் திருமாலிடம் சொன்னாள். அவர் வண்டியின் மேல் சாய்ந்து நின்றபடி கேட்டார்.

"அப்ப பொண்டாட்டி மேல வந்த சந்தேகமே மாத்திரை குடுத்ததா?" என்றார். "அந்தச் சந்தேகத்துல போயி அதே மாத்திரையை வாங்கி..."

முதன்முறையாக அவரிடம் ஒரு கிண்டல் இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குது திருமாலு. வூட்டு மாத்திரையை அவரு தொடவே இல்லன்னா, காப்பியில அவ்ளோ சர்க்கரை எதுக்கு?"

மறுநாள் சிறையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பானுமதி வந்து நின்றாள். மெலிந்த உருவம். எதையும் கேட்கிற உத்தேசம் இல்லாத முகம். வாசுகி குதிரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அந்த முகம் மாறியது.

"அவரே வாங்கி சாப்ட்டாரா?"

"ஆமா. மங்கலம்பேட்டையில. வலி அதிகமானா ரெண்டுகூட."

பானுமதி வலையைப் பிடித்துக்கொண்டாள். அது ஆறுதல் என்று திருமால் நினைத்தார். "இனிமே பயம் இல்லம்மா, நீங்க வெளிய..." என்று ஆரம்பித்தார். வாசுகி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க காப்பியில போட்டதும் அதேதான், இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இத்தனை நாள் யாரிடமும் திறக்காத வாய் திறந்தது.

"ஒரு நாளுகூட நிறுத்தக்கூடாது, நிறுத்தினா கை மொத்தமா முடங்கிடும்னு டாக்டரு சொல்லியிருந்தாருங்க. இவரு திடீர்னு மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சிட்டாரு. என் மூஞ்சி மேலயே துப்புவாரு. கை வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாம நிப்பாரு. பாக்க முடியலீங்க. அதான் இடிச்சிப் பொடி பண்ணிக் காப்பியில போட்டேன். கசப்பு தெரியக்கூடாதுன்னு சர்க்கரையை அள்ளிப் போடுவேன். மொதல்ல நீ குடின்னுவாரு. நானும் ரெண்டு வாய் குடிச்சிக் காட்டுவேன். அப்புறமாத்தான் குடிப்பாரு."

"ஒரு மாத்திரைதான் போட்டீங்களா?"

"மொதல்ல ஒண்ணுதான். சந்தேகம் ரொம்ப ஆயிட்டுது. ராத்திரியெல்லாம் கத்துவாரு. நோயி தலைக்கு ஏறிட்டுதோன்னு பயந்து ரெண்டாப் போட்டேன்." அவள் குரல் அடங்கியது. "நான் ரெண்டு போட்டதாலதான் செத்தாருன்னு எனக்குத் தெரியும். அதான் யாருகிட்டயும் பேசல. இப்ப அவரும் போட்டுக்கிட்டாருன்றீங்க. எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

பக்கத்து வலையில் ஒரு பெண் தன் பிள்ளையின் பரீட்சையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான இருந்தோம்," என்றாள் பானுமதி. "கல்யாணம் ஆன நாளா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. எதனால என் மேல அப்பிடி ஆயிட்டுது? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. உங்க மூஞ்சியில தெரியுது. சொல்லுங்க."

வாசுகிக்குப் பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அதை அவள் விட்டுவிட்டாள். அந்த மாத்திரை சிலருடைய மூளையைக் கலைக்கும் என்று சொன்னாள். ஓட்டின் மேல் நடந்தவர்களும், காதில் விழுந்த பேச்சும், மனைவி மேல் வந்த பயமும் அதிலிருந்தே வந்தவை என்று சொன்னாள்.

"நிறுத்தியிருந்தா?"

"பானுமதி..."

"நிறுத்தியிருந்தா என்னாகியிருக்கும்?"

"பெரும்பாலும் சரியாயிருப்பாருன்னு டாக்டர் சொல்றாங்க."

பானுமதி அழவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள், தூரத்தில் யாரோ சொல்கிற கணக்கைச் சரிபார்ப்பவள்போல. அவள் துப்பலைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி, நோய்க்கு நோயையே ஊட்டியிருக்கிறாள். அதை இனி அவளிடமிருந்து எந்த நீதிமன்றமும் திருப்பி வாங்கமுடியாது.

வாசுகி வலைக்குப் பக்கத்தில் நெருங்கினாள். "இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. கோர்ட்டுல காப்பியைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம். இத்தினி நாள் பேசாம இருந்தது நல்லதாப் போச்சி. கடைக்காரர் வந்து சாட்சி சொல்லுவாரு, மாத்திரை அட்டை கையில இருக்குது. அதுவே போதும், வெளிய வந்துடலாம். நீங்க மறைச்சிக் கலந்தீங்கன்னு தெரிஞ்சா, அவரு குடுத்த புகாரு அப்பிடியே பிடிச்சிக்கும். அப்புறம் வக்கீலால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவரு ஸ்டேஷன்ல போயி சொன்னப்ப சிரிச்சாங்களாம். தெருவுல பைத்தியம்னாங்க. எங்க அண்ணனும் சொன்னாரு. நானும்தான் சொன்னேன், நான் ஒண்ணும் கலக்கல, உனக்குத்தான் மூளை கெட்டுப் போச்சின்னு, அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். டம்ளரைக் கையில வெச்சிக்கினே சொன்னேன்." அவள் வலையிலிருந்து கையை எடுத்தாள். "அவரு சொன்னது நெசம்தாங்க. கலந்தேன். அவரு சொன்னது நெசம்னு சொல்ல என்னை வுட்டா யாரு இருக்காங்க?"

"அதைச் சொன்னா அவரு திரும்பி வரப் போறதில்லம்மா," என்றார் திருமால்.

"தெரியும்ணே. நான் வெளிய வந்தாலும் வரப் போறதில்ல."

காவலர் நேரமாகிவிட்டது என்று சொன்னார். பானுமதி கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

விசாரணை நாளில் எல்லாம் வாசுகி நினைத்தபடிதான் நடந்தது. ரவூப் பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, சீட்டில்லாமல் விற்றதை ஒளிக்காமல் சொன்னார். சுப்புராயன் மாத்திரை அட்டைகளை அடையாளம் காட்டினார். டாக்டர் அன்புக்கரசி புதுச்சேரியிலிருந்து வந்து, அந்த மருந்து மனித மனத்தை என்ன செய்யும் என்று பொறுமையாக விளக்கினாள். அரசு வக்கீல் அதிகம் குறுக்கிடவில்லை. பின் வரிசையில் தனக்கோடி, தங்கைக்காகக் கொண்டுவந்திருந்த புதுச் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திருமால் அவர் தோளில் கை வைத்திருந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று பானுமதியைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்.

பானுமதியின் வக்கீல் எழுந்தார். "இல்லீங்க ஐயா, எங்க தரப்புல..."

"இருக்குதுங்க," என்றாள் பானுமதி.

வக்கீல் திரும்பினார். வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் வூட்டுக்காரர் என் மேல குடுத்த புகாரு நெசம்ங்க. அவருக்குத் தெரியாம காப்பியில மருந்து கலந்து குடுத்தேன். தெனமும் குடுத்தேன். அவரு கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அவரு சொன்னதை எழுதிக்குங்க ஐயா."

தனக்கோடி பையை நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே போனார். அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். நீதிபதி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, எழுதிக்கொள்ளச் சொல்லித் தட்டச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக அடித்து முடிக்கும்வரை அந்த அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.